கம்பி போகும் காணி யாருடையது?



செங்கலடியில் எங்கள் மாதர் சங்கக் கூட்டங்களில் கடன், காணி, பிள்ளைகளின் படிப்பு என்றுதான் வழமையாகப் பேசுவோம். சென்ற மாதம் கூட்டம் முடிந்து எழும்பும் நேரத்தில் வயதான ஒரு தாய் என்னிடம் இப்படிக் கேட்டார்: "புள்ள, இந்த ஏ.ஐ. எண்டுறது கரண்டையும் தண்ணியையும் குடிக்குமாமே? அது போனுக்குள்ளதானே கிடக்கு, எப்படிக் குடிக்கும்?"

பக்கத்தில் நின்ற பிள்ளைகள் சிரித்தார்கள். ஆனால் இன்று உலகத்தில் பெரிய அரசாங்கங்களும் கம்பனிகளும் தலையைப் போட்டு உடைத்துக்கொண்டிருக்கும் கேள்வியைத்தான் அந்த அம்மா கேட்டார். அந்தக் கேள்வி நம் காணிப் பிரச்சினையோடும் சம்பந்தப்பட்டது. ஆகவே இந்த மாதம் அதைப்பற்றி எழுதுகிறேன்.

போனுக்குள் இல்லை

ஏ.ஐ. என்று சொல்லப்படும் செயற்கை நுண்ணறிவை இப்போது எங்கள் கிராமங்களிலும் பாவிக்கிறார்கள். சிங்களத்தில் வந்த கடிதத்தை மகள் போனில் படம் பிடித்துத் தமிழில் வாசித்துக் காட்டுகிறாள். பிள்ளைகள் பாடத்தில் விளங்காததைக் கேட்கிறார்கள். ஆனால் பதில் பெரும்பாலும் போனுக்குள் இருந்து வருவதில்லை. கேள்வி கடலைத் தாண்டி எங்கோ ஒரு பெரிய கட்டடத்துக்குப் போகிறது. அங்கே ஆயிரக்கணக்கான கணினிகள் அடுக்கடுக்காக இராப்பகலாக இயங்கிக்கொண்டிருக்கின்றன. அதைத்தான் தரவு மையம் என்கிறார்கள். அந்தக் கணினிகள் ஓடுவதற்கு மின்சாரம் வேண்டும். ஓடும்போது கொதிக்கும் சூட்டை ஆற்றவும் மின்சாரம் வேண்டும். பல இடங்களில் தண்ணீரும் வேண்டும்.

ஒரு கேள்விக்கு ஆகும் செலவு சிறியது. தங்களுடைய ஏ.ஐ.யிடம் எழுத்தில் கேட்கும் ஒரு சாதாரணக் கேள்விக்கு 0.24 வாட்-மணி மின்சாரம் ஆகிறது என்று கூகிள் நிறுவனம் 2025 ஓகஸ்டில் கணக்கு வெளியிட்டது. எங்கள் வீட்டில் எரியும் ஒரு சின்ன எல்.ஈ.டி. பல்ப் ஒன்றரை நிமிடம் எரிவதற்கு ஆகும் மின்சாரம் அவ்வளவுதான். ஆகவே மகள் போனில் கேள்வி கேட்கிறாள் என்பதற்காக எந்தத் தாயும் அவளை ஏச வேண்டாம். பிரச்சினை மொத்தத்தில் இருக்கிறது. 2024ஆம் ஆண்டில் உலகத்துத் தரவு மையங்கள் எல்லாம் சேர்ந்து, உலகம் பாவித்த மின்சாரத்தில் ஏறக்குறைய 1.5 வீதத்தைப் பாவித்தன என்றும், 2030இல் அந்த அளவு இரண்டு மடங்குக்கு மேலாகும் என்றும் சர்வதேச எரிசக்தி முகவரகம் கூறியிருக்கிறது. அயர்லாந்து என்ற சிறிய நாட்டில் 2023ஆம் ஆண்டு தரவு மையங்கள் 21 வீத மின்சாரத்தை எடுத்தன. அந்நாட்டு நகரங்களில் உள்ள வீடுகள் எல்லாம் சேர்ந்து எடுத்தது 18 வீதம்தான்.

ஏன் மின் நிலையத்துக்கே போகிறார்கள்?

தரவு மையக் கட்டடத்தை ஓரிரு வருடத்தில் கட்டி முடிக்கலாம். ஆனால் அதற்கு வேண்டிய அளவு மின்சாரத்தைக் கொண்டு வரும் உயரழுத்தக் கம்பித் தொடருக்கும், மின்சாரத்தை மாற்றிக் கொடுக்கும் உபநிலையத்துக்கும் பல வருடங்கள் காத்திருக்க வேண்டும். ஆகவே கம்பனிகள் வேறு வழி தேடின. ஏற்கனவே மின் நிலையம் இருக்கும் இடத்தில், அல்லது மூடப்பட்ட மின் நிலையத்தின் வளவில், எல்லாம் ஆயத்தமாக இருக்கிறது. கோபுரங்கள் நிற்கின்றன, கம்பி போயிருக்கிறது, உபநிலையம் இருக்கிறது, ஆற்றிலோ கடலிலோ தண்ணீர் எடுக்க வழி இருக்கிறது, பாரமான வாகனம் போக ரோட்டு இருக்கிறது. அங்கேயே தரவு மையத்தைக் கட்டிவிட்டால் வேலை சுலபம்.

அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் 'விடோஸ் க்ரீக்' என்றொரு நிலக்கரி மின் நிலையம் 1950களில் இருந்து இயங்கியது. அந்தப் பெயரைத் தமிழில் சொன்னால் 'கைம்பெண்கள் ஓடை' என்று வரும். அந்த நிலையம் 2015இல் மூடப்பட்டது. அதே ஆண்டில் கூகிள் நிறுவனம் அந்த வளவில் தரவு மையம் கட்டப்போவதாக அறிவித்தது. பழைய நிலையத்தின் கம்பித் தொடர்களைப் பயன்படுத்தலாம் என்பதே அங்கு போனதற்குச் சொல்லப்பட்ட காரணம். 60 கோடி டொலர் முதலீடு என்றார்கள். அதனால் கிடைக்கும் வேலைகள் 75 முதல் 100 வரை என்றார்கள். அந்த இரண்டு கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தரவு மையம் என்பது தையல் தொழிற்சாலை போல நூற்றுக்கணக்கான பெண்களுக்கு வேலை தரும் இடமல்ல. கட்டும்போது ஆட்கள் வேண்டும், கட்டி முடிந்தபின் கொஞ்சப் பேர் போதும்.

பென்சில்வேனியா மாநிலத்தில் ஹோமர் சிட்டி என்ற நிலக்கரி மின் நிலையம் 2023இல் மூடப்பட்டது. 2025 மார்ச்சில் அதன் புகைபோக்கிகளை வெடி வைத்துச் சரித்தார்கள். அந்த இடத்திலேயே எரிவாயுவில் ஓடும் 4,500 மெகாவாட் அளவு மின் நிலையமும் ஏ.ஐ. தரவு மையங்களும் அமைக்கும் திட்டம் அறிவிக்கப்பட்டிருக்கிறது. நம்முடைய நுரைச்சோலை நிலையத்தின் மூன்று இயந்திரங்களும் சேர்ந்து 900 மெகாவாட். அதைப்போல ஐந்து மடங்கு, ஒரே வளவில்.

செலவை யார் கொடுப்பது?

அதே பென்சில்வேனியாவில் சஸ்குவெஹானா அணு மின் நிலையத்துக்குப் பக்கத்தில் இருந்த தரவு மைய வளவை அமேசன் நிறுவனம் 2024இல் 65 கோடி டொலருக்கு வாங்கியது. மின் நிலையத்தில் இருந்து நேராகவே மின்சாரம் எடுப்பது அவர்களின் ஏற்பாடு. ஆனால் எடுக்கும் அளவைக் கூட்டக் கேட்டபோது, 2024 நவம்பரில் அந்நாட்டு எரிசக்தி ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு மறுத்துவிட்டது. பொதுக் கம்பித் தொடரின் பாதுகாப்பில் இருந்துகொண்டே அதற்குரிய செலவைக் கொடுக்காமல் விட்டால், அந்தச் செலவு மற்றப் பாவனையாளர்களின் பட்டியலில் விழும் என்பதே எதிர்த்தவர்களின் வாதம். பின்னர் 2025இல் பொதுக் கம்பித் தொடரின் வழியாகவே மின்சாரம் வாங்கும்படி அந்த ஏற்பாடு மாற்றப்பட்டது. ஆகவே கேள்வி கேட்டால் பதில் மாறுகிறது என்பதற்கு அது ஓர் உதாரணம்.

கேள்வி கேட்க நேரம் கொடுக்காத இடமும் உண்டு. டெனஸி மாநிலத்தின் மெம்பிஸ் நகரில் 2024இல் ஈலோன் மஸ்க்கின் எக்ஸ் ஏ.ஐ. நிறுவனம் பழைய தொழிற்சாலை ஒன்றில் சில மாதங்களுக்குள் பெரிய தரவு மையம் ஒன்றை அமைத்தது. பக்கத்தில் மின் நிலையம் இருந்தும் வேண்டிய மின்சாரம் உடனே கிடைக்கவில்லை. ஆகவே எரிவாயுவில் ஓடும் ஜெனரேட்டர்களை அனுமதிப் பத்திரம் இல்லாமலே இறக்கி ஓட்டினார்கள். அண்டிய பகுதிகளில் கறுப்பின மக்களே பெரும்பாலும் வாழ்கிறார்கள். ஏற்கனவே தொழிற்சாலைகளின் புகையைச் சுவாசித்து வந்தவர்கள். 2025 ஏப்ரலில் நடந்த பொதுக் கூட்டத்தில் தாய்மாரும் முதியவர்களும் எழுந்து மூச்சு நோயைப்பற்றிப் பேசினார்கள். 2025 ஜூலையில் 15 ஜெனரேட்டர்களுக்கு அனுமதி வழங்கப்பட்டது. அனுமதி பிறகு வந்தது, புகை முதலே வந்துவிட்டது.

சம்பூரை மறக்க வேண்டாம்

"அது அமெரிக்கா மிஸ், எங்களுக்கென்ன?" என்று நீங்கள் கேட்கலாம். மின் நிலையக் காணி என்றால் என்னவென்று கிழக்கு மாகாணத்துப் பெண்களுக்கு யாரும் புதிதாகச் சொல்லித்தரத் தேவையில்லை. சம்பூர் இருக்கிறது.

2006 ஏப்ரலில் தொடங்கிய தாக்குதல்களால் சம்பூர், மூதூர் கிழக்கு மக்கள் ஊரை விட்டு ஓடினார்கள். ஈச்சிலம்பற்றை, வாகரை என்று நடந்து, பலர் எங்கள் மட்டக்களப்பு மாவட்டத்து முகாம்களுக்கு வந்து சேர்ந்தார்கள். இதை வாசிக்கும் உங்களில் சிலர் அவர்களோடு ஒரே முகாமில் இருந்திருப்பீர்கள். 2006 செப்டெம்பரில் படையினர் சம்பூரைக் கைப்பற்றினர். அதே ஆண்டு டிசம்பரில், அந்த மக்கள் தரப்பாளுக்குக் கீழே இருந்தபோதே, சம்பூர்ப் பகுதியில் 500 மெகாவாட் நிலக்கரி மின் நிலையம் அமைப்பதற்கு இலங்கை மின்சார சபையும் இந்தியாவின் தேசிய அனல்மின் கூட்டுத்தாபனமும் உடன்படிக்கை செய்தன. 2007 மே மாதம் அப்பகுதி வர்த்தமானி மூலம் உயர் பாதுகாப்பு வலயமாக்கப்பட்டது. பின்னர் ஒரு பகுதி, கைத்தொழில் வலயம் என்றும் பெயர் மாறியது. காணிக்குச் சொந்தக்காரர்கள் முகாமில் இருக்க, காணி மட்டும் பெயர் மேல் பெயராக வாங்கிக்கொண்டிருந்தது.

மக்கள் விடவில்லை. முகாமில் இருந்துகொண்டே வழக்குப் போட்டார்கள், மனுக் கொடுத்தார்கள், வேறு இடத்துக்குப் போகச் சொன்னபோது மறுத்தார்கள். அதில் பெண்கள் முன்னுக்கு நின்றார்கள். 2015 ஓகஸ்டிலும் 2016 மார்ச்சிலும் காணிகளின் ஒரு பகுதி விடுவிக்கப்பட்டது. திரும்பிப்போனவர்கள் வீடு இருந்த இடத்தில் பற்றைக்காட்டைத்தான் கண்டார்கள். 2016 செப்டெம்பரில், சம்பூரில் நிலக்கரி மின் நிலையம் கட்டப்படமாட்டாது என்று உயர் நீதிமன்றத்தில் அரச தரப்பு தெரிவித்தது.

இங்கே ஒரு விடயத்தைக் கவனிக்க வேண்டும். சம்பூரில் நிலக்கரி மின் நிலையம் ஒரு நாள்கூட இயங்கவில்லை. ஒரு கல்கூட அதற்காக முழுமையாக எழும்பவில்லை. ஆனால் அதற்கென ஒதுக்கப்பட்ட சுமார் 500 ஏக்கர் காணி கடதாசியில் 'மின் நிலையக் காணி' ஆகிவிட்டது. நிலக்கரி போனது, அந்தப் பெயர் போகவில்லை. 2022 மார்ச்சில் அதே இடத்துக்குச் சூரிய மின் திட்டம் கைச்சாத்தானது. 2025 ஏப்ரல் 5ஆந் திகதி இந்தியப் பிரதமர் மோடியும் ஜனாதிபதி அநுர குமார திசாநாயக்கவும் 120 மெகாவாட் திட்டமாக அதை ஆரம்பித்து வைத்தார்கள்.

நான் சூரிய மின்சாரத்துக்கு எதிரானவள் அல்ல. புகை இல்லாத, சாம்பல் இல்லாத மின்சாரம் நல்லதுதான். நான் சொல்ல வருவது வேறு. ஒரு காணி ஒருமுறை மின் நிலையக் காணி என்று எழுதப்பட்டுவிட்டால், அடுத்து வரும் திட்டமும் அங்கேதான் வரும். ஏனென்றால் அங்கே கம்பி இருக்கும், ரோட்டு இருக்கும், 'அரச காணி' என்ற பத்திரமும் இருக்கும். இன்று சூரிய தகடு வந்த இடத்துக்கு நாளை தரவு மையம் வரலாம், வேறொன்றும் வரலாம். ஒவ்வொரு முறையும் "இது வெறுங்காணிதானே" என்பார்கள். வெறுங்காணி ஆக்கியது யார், எப்போது, யாரை எழுப்பிவிட்டு என்று கேட்பதற்கு ஆள் இருக்க வேண்டும். அதே மாவட்டத்தில் முத்துநகர் விவசாயிகள், தாங்கள் பயிர் செய்த காணி சூரிய மின் திட்டத்துக்கு எடுக்கப்பட்டதை எதிர்த்து 2025இல் திருகோணமலை மாவட்டச் செயலகத்தின் முன்னால் இருந்து போராடியதையும் நாம் பார்த்தோம்.

மின்சாரக் கணக்கு

சூரிய மின் நிலையத்தின் பக்கத்தில் தரவு மையம் வைத்தால் நல்லதுதானே என்று படித்த தங்கச்சி ஒருத்தி கேட்டாள். அதற்கும் கணக்குப் பார்ப்போம். 120 மெகாவாட் என்பது நல்ல வெயிலில் கிடைக்கும் அளவு. இரவையும் மழை முகிலையும் சேர்த்து வருடம் முழுவதும் சராசரி பார்த்தால் சுமார் ஐந்தில் ஒரு பங்குதான் வரும், அதாவது 24 மெகாவாட் அளவு. தரவு மையமோ நடுச்சாமத்திலும் ஓட வேண்டும். ஆகவே பெரிய மின்கலங்கள் வேண்டும், அல்லது இரவில் பொதுக் கம்பியில் இருந்து எடுக்க வேண்டும். பொதுக் கம்பியில் இருப்பது நம் எல்லோருக்குமான மின்சாரம்.

அதன் நிலைமை நமக்குத் தெரியும். 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை மின்சாரம் வெட்டப்பட்டது. தையல் மெசினை நம்பியிருந்த சகோதரிகள் அன்று பட்ட பாடு இன்னும் மறக்கவில்லை. 2025 பெப்ரவரி 9ஆந் திகதி பாணந்துறை உபநிலையத்தில் ஒரு குரங்கு பட்டதால் நாடு முழுவதும் இருளானது, நுரைச்சோலை இயந்திரங்களும் நின்றுபோயின. யுத்த காலத்தில் குப்பி விளக்கில் பிள்ளைகளைப் படிப்பித்தவர்கள் நாங்கள். மின்சாரம் வந்த பின்னும் அதன் பெறுமதியை நாம் மறந்ததில்லை.

தண்ணீரும் அப்படியே. தங்களுடைய தரவு மையம் ஒன்று சராசரியாக ஒரு நாளைக்குச் சுமார் 17 இலட்சம் லீற்றர் தண்ணீர் பாவிக்கிறது என்று கூகிள் நிறுவனம் 2021ஆம் ஆண்டுக்குக் கணக்குச் சொன்னது. 5,000 லீற்றர் பவுசரில் அது 340 தடவை. தண்ணீரைக் குறைவாகப் பாவிக்கும் முறைகளும் உண்டு. ஆனால் வெயில் காலத்தில் பவுசர் எப்போது வரும் என்று குடத்தோடு ரோட்டில் நிற்கும் படுவான்கரைப் பெண்ணுக்கு அந்த 340இன் அர்த்தம் விளங்கும்.

நாம் செய்யக்கூடியது

எங்கள் ஊருக்கு நாளைக்கே தரவு மையம் வரப்போகிறது என்று உங்களைப் பயமுறுத்துவதற்காக இதை எழுதவில்லை. எந்தத் திட்டம் வந்தாலும், அது மின்சாரமோ கணினியோ கைத்தொழில் வலயமோ, முதலாவது கடதாசி எழுதப்படும்போதே நாம் கேட்கவேண்டிய கேள்விகள் சில உண்டு. இந்தக் காணியில் முன்னர் இருந்தது யார்? மின்சாரம் யாருக்குப் போகிறது, எங்கள் கிராமத்துக்கு என்ன கிடைக்கும்? தண்ணீர் எந்தக் குளத்தில் இருந்து, எவ்வளவு? கட்டி முடிந்த பின் எத்தனை பேருக்கு நிரந்தர வேலை, அதில் எங்கள் பிள்ளைகள் எத்தனை பேர்? திட்டம் கைவிடப்பட்டால் காணி யாருக்குத் திரும்பும்? கடைசிக் கேள்வியைச் சம்பூர்தான் எங்களுக்குப் படிப்பித்தது.

கேட்பதற்குச் சட்டத்திலும் இடம் உண்டு. 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் பிரதேச செயலகத்திலும் மற்ற அரச அலுவலகங்களிலும் தகவல் உத்தியோகத்தர் இருக்கிறார். தமிழில் எழுதிக் கொடுக்கலாம். எழுத முடியாதவர்கள் வாயால் சொன்னால் அவர் எழுதிக்கொள்ள வேண்டும். சுற்றாடல் தாக்க மதிப்பீடு தேவைப்படும் பெரிய திட்டங்களில் அந்த அறிக்கையை மக்கள் பார்வைக்கு வைத்து 30 நாட்கள் கருத்துச் சொல்ல இடம் கொடுக்க வேண்டும். அறிவித்தல் பத்திரிகையில் வரும். நாங்கள் எல்லோரும் பத்திரிகை வாங்குவதில்லை. ஆகவே சங்கத்தில் ஒருவராவது அதைப் பார்க்கும் பொறுப்பை எடுக்க வேண்டும்.

எல்லாவற்றுக்கும் முன்னால் காணிப் பத்திரம். காணி எடுக்கும்போது நட்டஈடு பத்திரத்தில் பெயர் உள்ளவருக்குத்தான் போகும். எங்களில் எத்தனை பேருடைய காணி இன்னும் காணாமல் போன கணவரின் பெயரில், இறந்துபோன மாமனாரின் பெயரில் இருக்கிறது? எத்தனை பேருடைய பேர்மிட் இடம்பெயர்வில் தொலைந்துபோனது? அரச பேர்மிட் காணியில் ஆண் பிள்ளைக்கே முதலுரிமை என்றிருந்த விதி 2022இல் திருத்தப்பட்டுவிட்டது. மகளுக்கும் சம உரிமை உண்டு. ஆனால் பெயர் மாற்றத்தை நாங்கள் போய்க் கேட்டால்தான் செய்வார்கள். திட்டம் வந்த பிறகு பத்திரம் தேடி ஓடுவதைவிட இன்றைக்கே தேடுவது நல்லது.

ஆகவே சகோதரிகளே, அடுத்த கூட்டத்துக்கு வரும்போது உங்கள் காணிப் பத்திரத்தின் போட்டோப் பிரதி ஒன்றைக் கொண்டு வாருங்கள். உறுதியோ, பேர்மிட்டோ, கிராம உத்தியோகத்தரின் கடிதமோ, எது கையில் இருக்கிறதோ அது. ஒன்றும் இல்லாதவர்கள் வெட்கப்பட்டு வீட்டில் நின்றுவிட வேண்டாம். வெறுங்கையோடு வாருங்கள். உங்களுடைய விண்ணப்பத்தைத்தான் முதலில் எழுதவேண்டியிருக்கிறது.

அடுத்த மாதம் சந்திப்போம்.